பசி போச்சு, நாக்கு போகல
உடம்பு எடையக் குறைக்கற ஆபரேஷன் பத்தின கட்டுரைல "ஆபரேஷன் பண்ணிட்டா சாப்பாட்டு ஆசையே போயிடும்"னு போட்டிருக்கீங்க, பாதிதான் சரி. எனக்கு ஸ்லீவ்ங்கற வகை ஆபரேஷன் பண்ணி 2 வருஷம் ஆகுது, அதுல இரைப்பைல முக்கால்வாசிய வெட்டி எடுத்துடறாங்க, பசியத் தூண்டற கிரெலின் ஹார்மோன் அதிகமா சுரக்கற இடமும் அதோட போயிடுது, அதனால முதல் ஆறேழு மாசம் பசின்னா என்னன்னே தெரியல, வீட்டுக்காரர் ஞாபகப்படுத்தினாதான் சாப்பிடுவேன். ஆனா ஆசை வேற கணக்குங்க, எங்க கடலூர் சில்வர் பீச் பக்கம் போனா மிளகா பஜ்ஜி வாசனைக்கு கால் தானா நிக்குது. போன பலா சீசன்ல பண்ருட்டி பழம் நாலு சுளைய வெறும் வயித்துல அவசரமா முழுங்கிட்டு, நெஞ்சு படபடன்னு அடிச்சு வேர்த்து ஊத்தி, மஞ்சக்குப்பத்துல ஒரு கடை வாசல்ல அப்படியே உக்காந்துட்டேன், சாப்பாடு இரைப்பைல நிக்காம வேகமா குடலுக்கு எறங்கிடற டம்பிங்னு டாக்டர் சொன்னார், இரைப்பை பைபாஸ்ங்கற இன்னொரு வகை ஆபரேஷன் பண்ணவங்களுக்குத்தான் இது ஜாஸ்தியாம், ஸ்லீவ்லயும் வருது. மேல ஒருத்தர் "வாயக் கட்டத் தெரியாதவங்களுக்குத்தான் இந்த ஆபரேஷன்"னு எழுதியிருக்கார், அண்ணே ஒரு இட்லிய இருவது நிமிஷம் மென்னு தின்னுட்டு, அரை மணி நேரம் தண்ணி குடிக்காம இருந்து பாருங்க. இப்பல்லாம் மீனோ முட்டையோ புரோட்டீன முதல்ல முடிச்சுடறேன், அப்புறம் இடம் இருந்தா ரெண்டு வாய் சோறு, இடம் இருக்கறதே இல்லங்கறது வேற விஷயம். துறைமுகத்துல வாங்கற வஞ்சிரம் மட்டும் எப்படியோ எறங்கிடுது.