லாரியில் எழுதியிருக்கிறது, டேங்கில் எழுதவில்லை

2023 டிசம்பர் 26. நள்ளிரவு நெருங்கும் நேரம். எண்ணூரிலிருந்து அத்தை போன் செய்தார். பின்னால் ஒரே கூச்சல், பைக் சத்தம், யாரோ குழந்தையைப் பேர் சொல்லிக் கத்துகிறார்கள். “கண்ணு எரியுதுடி, மூச்சு வுட முடில. எல்லாரும் ஓடுறாங்க. எந்தப் பக்கம் ஓடணும்?” என்று கேட்டார்.

திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றுகொண்டு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு.

நான் துறைமுகத்தை ஒட்டி, சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் ஒரு கிளியரிங் ஆபீசில் பதினான்கு வருடமாக டாக்குமென்ட் பார்க்கிறேன். அபாயச் சரக்கு வந்தால் அதன் அபாய வகுப்பு என்ன, அந்தப் பொருளுக்கு உலகம் முழுக்க ஒன்றாக இருக்கும் ஐக்கிய நாடுகள் எண் என்ன என்று டைப் அடிப்பது என் அன்றாட வேலை. அம்மோனியா வாயு 1005. அம்மோனியம் நைட்ரேட் 1942, வகுப்பு 5.1, அதாவது தீயைத் தூண்டும் சரக்கு, மஞ்சள் டைமண்ட் குறி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் என் அத்தை வீட்டுக்குப் பக்கத்தில் எந்த டேங்கில் என்ன இருக்கிறது, எந்தப் பைப் எதைக் கொண்டுவருகிறது என்று எனக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவர் மூச்சில் ஏறியது என்ன என்பதே காலையில் டிவியைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அம்மோனியா. தண்ணீரில் சட்டென்று கரைந்துவிடும் வாயு. அத்தை வீட்டு வாசலில் நான்கு குடம் தண்ணீர் இருந்தது. ஒரு துண்டை நனைத்து மூக்கையும் வாயையும் மூடு, கண்ணில் தண்ணீரை அடித்துக் கழுவு, காற்று போகிற பக்கம் ஓடாதே, குறுக்கே போ. இந்த மூன்று வரியை முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் போதும். அவர் அந்தக் குடங்களைத் தாண்டி ஓடியிருக்கிறார். இரண்டு பேரப்பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டு, காற்று எந்தப் பக்கம் போனதோ அந்தப் பக்கமே.

அன்று காலையில்தான் அத்தை இருக்கும் மீனவக் குப்பத்தில் சுனாமி நினைவு நாளுக்காகக் கடலில் பால் ஊற்றினார்கள். பத்தொன்பதாவது வருடம். சுனாமி வந்தால் எந்தப் பக்கம் ஓடவேண்டும் என்று அங்கே ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். கடலுக்கு எதிர்ப்பக்கம், மேடான இடத்துக்கு. 2004க்குப் பிறகு அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் வந்தார்கள், போர்டு வைத்தார்கள். கேஸ் வந்தால் எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொடுக்க ஒருவரும் வந்ததில்லை.

நடந்தது என்ன என்பது பிறகு ஆவணங்களில் வந்தது. கப்பலிலிருந்து கரையில் இருக்கும் ஓர் உரத் தொழிற்சாலையின் டேங்குக்குக் கடலுக்கடியில் ஒரு குழாய் போகிறது. அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் குளிர்ந்து திரவமாக வரும் சரக்கு. கப்பலிலிருந்து இறக்குவதற்கு முன்னால் குழாயைக் குளிர்விக்க வேண்டும். அந்த வேலை நடக்கும்போதுதான் கசிந்தது. அதற்கு மூன்று வாரம் முன்பு அடித்த மிக்ஜாம் புயலில் கரையோரப் பாறாங்கற்கள் புரண்டு குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்று ஆய்வு செய்த தொழில்நுட்பக் குழு சொன்னது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலை வாசலில் அளந்தபோது ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. அளவு 400க்குள் இருக்கவேண்டும். கடல் நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருக்கவேண்டிய இடத்தில் 49. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. வாரியம் 5.92 கோடி ரூபாய் இழப்பீடு விதிக்கப் பரிந்துரைத்தது. ஐம்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் நூறு நாளுக்கு மேல் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள்.

இவ்வளவு எண்கள் பிறகு வந்தன. அன்று ராத்திரி முதலில் கண்டுபிடித்தது எந்தக் கருவியும் இல்லை, ஜனங்களின் மூக்குதான். எங்கள் பகுதியில் பாதுகாப்புக் கருவியாக மனிதர்களின் மூக்கையும் நுரையீரலையும்தான் வைத்திருக்கிறோம் என்று அன்றிலிருந்து எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. இன்னும் ஆறவில்லை.

இப்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கெமிக்கல் டேங்கர் லாரி போனால் அதன் பக்கவாட்டிலும் பின்னாலும் ஒரு போர்டு இருக்கும். சரக்கின் பெயர், ஐக்கிய நாடுகள் எண், அபாயக் குறி, அவசரத்துக்குக் கூப்பிட போன் நம்பர். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989 அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. டிரைவர் தனிப் பயிற்சி எடுத்திருக்க வேண்டும், கையில் அவசரக் குறிப்பு அட்டை வைத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் என் தெருவைக் கடந்துபோகிற இருபது டன் லாரி, தனக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போகிறது. முப்பது வருடமாக ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான டன்னோடு நிற்கிற டேங்க் சொல்வதில்லை. மதில் சுவரில் ‘அத்துமீறி நுழையாதே’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

மணலியை மறந்திருக்க மாட்டீர்கள். 2015இல் சுங்கத் துறை பறிமுதல் செய்த அம்மோனியம் நைட்ரேட், சுமார் 697 டன், 37 கண்டெய்னர்களில் மணலியில் ஒரு சரக்குப் பெட்டகக் கிடங்கில் ஐந்து வருடம் நின்றது. இது எங்களுக்கு எப்போது தெரிந்தது? 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் அதே சரக்கு வெடித்து 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு. லெபனானில் வெடித்ததால்தான் மணலியில் இருப்பது மணலிக்காரர்களுக்குத் தெரியவந்தது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

அப்போது நடந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். கிடங்கைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்குக் குடியிருப்பே இல்லை என்று ஒரு தரப்பு அறிக்கை விட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது 700 மீட்டரிலேயே மணலி புதுநகர் இருந்தது, ஆயிரக்கணக்கான ஜனத்தோடு. சடையங்குப்பத்தில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் அந்த அறிக்கை அப்படி வந்திருக்காது. ஊர்க்காரரைக் கண்காணிப்பில் சேருங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். எங்களுக்கு வேதியியல் தெரியும் என்று சொல்லவரவில்லை. எங்கே யார் குடியிருக்கிறார்கள், எந்தச் சந்து எங்கே முட்டும், எந்த வீட்டில் நடக்க முடியாத கிழவி இருக்கிறாள் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

கெஞ்சிக் கேட்கவேண்டிய விஷயமும் இல்லை இது. 1984இல் போபாலில் அத்தனை உயிர் போன பிறகு இந்த நாடு எழுதிய சட்டங்களில் எல்லாமே இருக்கிறது. அபாயகரமான இரசாயனங்களின் உற்பத்தி, சேமிப்பு, இறக்குமதி பற்றிய 1989 விதிகளில் 15ஆவது விதி, பெரிய விபத்து நடந்தால் பாதிக்கப்படக்கூடிய வெளி ஆட்களுக்கு அபாயம் என்ன, என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே தெரிவிக்கச் சொல்கிறது. தொழிற்சாலைக்காரரே நேராகவோ, மாவட்ட அவசரகால அதிகாரி மூலமாகவோ தெரிவிக்கவேண்டும். அப்படி ஒரு தாளை எங்கள் தெருவில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. நான் வீடு வீடாகக் கேட்டுவிட்டேன்.

1996இல் வந்த இரசாயன விபத்து விதிகள் இன்னும் ஒருபடி மேலே போகின்றன. ஒவ்வொரு தொழிற்பகுதிக்கும் உள்ளூர் நெருக்கடிக் குழு ஒன்று இருக்கவேண்டும். மாதம் ஒருமுறை கூடவேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு அளவில் ஒத்திகை நடத்தவேண்டும். அந்தக் குழுவில் தீயணைப்பு அதிகாரி, போலீஸ், தொழிற்சாலை ஆய்வாளர், கம்பெனிக்காரர்கள் மட்டும் இல்லை. ஊர்த் தலைவர் ஒருவர், உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, இரண்டு டாக்டர்கள், இரண்டு சமூக சேவகர்கள், கெமிக்கல் ஏற்றிச்செல்லும் லாரி உரிமையாளர்களின் ஆட்கள் எல்லோருக்கும் நாற்காலி போட்டு வைத்திருக்கிறது அந்த விதி. ஏறக்குறைய முப்பது வருடமாக. எங்கள் பகுதிக்கு அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. போன மாதம் மறுபடி கேட்டிருக்கிறேன்.

என்னைக் கேட்டால், அந்த ஊர்த் தலைவர் நாற்காலி ஒன்றாவது ஒரு மீனவருக்குப் போகவேண்டும். காரணம் இருக்கிறது. கேஸ் கசிந்தால் உயிரைத் தீர்மானிப்பது காற்று. இப்போது வாடையா, கொண்டலா, கரைக்காற்று எத்தனை மணிக்கு எழும்பும் என்று தாழங்குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் தலையைத் தூக்காமல் சொல்வார். மைக்கில் ஊருக்குச் சொல்லவேண்டிய முதல் வார்த்தை அவரிடம் இருக்கிறது. கம்பெனிக்குள் காற்றுத் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று பறக்கிறது, உள்ளே வேலை செய்பவர்கள் பார்ப்பதற்கு. அதே மாதிரி ஒன்று குப்பத்துக் கோயில் பக்கத்திலும், பள்ளிக்கூடத்து மாடியிலும் பறக்கட்டும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒத்திகை என்றதும் சிலர் போட்டோ அனுப்பினார்கள். ஹெல்மெட் போட்டவர்கள், ஸ்ட்ரெச்சரில் ஒருவர், எல்லாம் மதிலுக்குள், பகல் வெளிச்சத்தில். நல்ல விஷயம்தான், செய்யட்டும். ஆனால் எண்ணூரில் வந்தது நடுராத்திரி. விசாகப்பட்டினத்தில் 2020 மே 7 ஒரு தொழிற்சாலையிலிருந்து ஸ்டைரீன் என்ற நச்சு இரசாயனம் கசிந்தது விடிவதற்கு முன்னால், ஊர் தூங்கிக்கொண்டிருக்கும்போது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள். அந்தத் தொழிற்சாலையில் அபாயச் சங்கு இருந்தது, அதை ஒலிக்கவிடவே இல்லை என்று ஆந்திர அரசு அமைத்த உயர்நிலைக் குழு கண்டுபிடித்தது. சங்கு இருந்தும் யாரும் ஊதவில்லை. மேலிடத்தைக் கேட்காமல் ஊதும் அதிகாரம் ஷிஃப்டில் இருக்கும் கடைசித் தொழிலாளிக்கும் உண்டா? எனக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது இதுதான். எங்கள் தெருப் பையன்கள் பலர் எங்கள் பகுதித் தொழிற்சாலைகளுக்குக் கான்ட்ராக்டில் போகிறார்கள். எந்த வால்வில் துரு ஏறியிருக்கிறது, எந்த பம்ப் சத்தம் மாறியிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். வெளியே சொன்னால் மறுநாள் கேட் பாஸ் இருக்காது என்பதும் தெரியும். பெயர் வெளிவராமல் அவர்கள் சொல்வதற்கு ஒரு வழி இல்லாமல் எந்தக் கண்காணிப்புக் குழுவும் முழுமையாகாது.

“என்ன இருக்கிறது என்று வெளியே சொன்னால் சமூக விரோதிகளுக்கு வசதியாகிவிடும்” என்று ஒரு நண்பர் போனமுறை கமெண்டில் எழுதினார். நியாயமான பயம், அதனால் யோசித்துத்தான் பதில் சொல்கிறேன். எந்த வால்வு எங்கே இருக்கிறது, காவலர் எத்தனை பேர் என்று யாரும் கேட்கவில்லை. என்ன பொருள், அதிகபட்சம் எவ்வளவு, கசிந்தால் எத்தனை தூரம் வரும், அப்போது நான் என்ன செய்யவேண்டும். இவ்வளவுதான் கேள்வி. மறைத்ததால் செத்தவர்கள் யார் என்றும் பாருங்கள். 2022 ஜூன் 4 ராத்திரி வங்கதேசத்தில் சிட்டகாங் பக்கம் சீதாகுண்டாவில் ஒரு கண்டெய்னர் டிப்போவில் தீப்பிடித்தது. உள்ளே ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற இரசாயனம் இருப்பது தீயணைப்பு வீரர்களுக்குச் சொல்லப்படவில்லை. சாதாரணத் தீ என்று நினைத்து நெருங்கிப் போனார்கள். வெடித்தது. ஏறக்குறைய ஐம்பது பேர் இறந்தார்கள், தீயணைப்பு வீரர்கள் உட்பட. பெய்ரூட்டிலும் முதலில் அனுப்பப்பட்ட பத்து பேர் கொண்ட தீயணைப்புக் குழுவில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. நம் ஸ்டேஷன் தீயணைப்பு அண்ணன்களுக்கு இந்த ரகசியத்தால் என்ன பாதுகாப்பு கிடைக்கிறது?

இன்னொரு பேச்சு, “கம்பெனியை மூட வைக்கப் பார்க்கிறீர்கள், வேலை போய்விடும்” என்பது. மூடவேண்டும் என்று பந்தலில் உட்கார்ந்தவர்களின் கோபத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அத்தையோடு உட்கார்ந்திருந்தவள் நான். ஆனால் என் சம்பளமும் துறைமுகத்திலிருந்துதான் வருகிறது. நாளைக்கே எல்லாம் மூடப்போவதில்லை என்பதும் தெரியும். மூடும்வரைக்கும், அல்லது மூடாமலே இருந்தாலும், இன்று ராத்திரி தூங்கப்போகிற பிள்ளைக்கு ஈரத்துண்டு எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

அதனால் எங்கள் பகுதிப் பெண்கள் குழு ஒன்றாகச் சேர்ந்து கலெக்டருக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். உள்ளூர் நெருக்கடிக் குழுவின் உறுப்பினர் பட்டியலையும், கடைசியாகக் கூடிய தேதியையும், கூட்டக் குறிப்பையும் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டவேண்டும். 15ஆவது விதி சொல்லும் தகவலைத் தமிழில், ரேஷன் கடையில் வைக்கவேண்டும். ஒவ்வொரு சேமிப்புத் தொட்டி வளாகத்தின் மதிலிலும் லாரியில் இருக்கிற அதே போர்டு வரவேண்டும். புயலோ பெருவெள்ளமோ வந்துபோனால், குழாயைச் சோதித்துப் பார்த்தேன் என்று குழுவிடம் எழுதிக் கொடுக்காமல் சரக்கு இறக்கக்கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதச் சொன்னது அத்தைதான்.

சங்கைப் பற்றியும் ஒரு வரி சேர்த்தோம். அபாயச் சங்கு எப்படி ஒலிக்கும் என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஷிஃப்ட் சங்குக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு நாள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு, ஊர் கேட்க ஒருமுறை ஊதிக் காட்டுங்கள் என்று கேட்டிருக்கிறோம்.

மனுவில் இதுவரை 212 கையெழுத்து. எர்ணாவூர், கத்திவாக்கம், நெட்டுக்குப்பம், மணலி புதுநகர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் தெருவுக்கு ஒரு தாள் வாங்கிக்கொண்டு போகலாம். வரும் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அத்தை வீட்டுத் திண்ணையில் இருப்போம்.