நான்கு அட்டை, ஏழு நாள்

"கெட்ட ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா?"

கருத்தடை மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிடப் போவதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் இனி எனக்கு உதிரப்போக்கு வரும் என்று சொன்ன அன்று அம்மா கேட்ட கேள்வி இது. பிறகு அக்கா கேட்டார். பணியிடத்தில் இரண்டு தோழிகள் கேட்டார்கள். ஒருவர்கூட "பிரஷர் பார்த்தாயா?" என்று கேட்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய். மாதம் இரண்டு நாள் வாந்தியும் வலியுமாகச் சுருண்டு கிடப்பேன். பல ஆண்டுகள் பொறுத்த பிறகு, ஒரு மருத்துவர் கருத்தடை மாத்திரையை இடைவெளி விடாமல் சாப்பிடும் முறையைச் சொன்னார். 21 மாத்திரை கொண்ட அட்டைகள் நான்கு, ஒன்று முடிந்ததும் அடுத்தது. மொத்தம் 84 நாள். பிறகு ஏழு நாள் நிறுத்தம். அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டிலேயே இந்தக் கணக்கில் சீசனேல் என்ற மாத்திரைக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். மாத்திரை சாப்பிடும் காலத்தில் கருப்பையின் உட்சுவர் தடிப்பதே இல்லை, மெலிந்தே இருக்கிறது. சேராத ரத்தம் எப்படித் தங்கும்? வழக்கமான அட்டையில் மாதம்தோறும் வருவதும் உண்மையான மாதவிடாய் இல்லை. ஹார்மோனை ஏழு நாள் நிறுத்துவதால் வரும் உதிரப்போக்கு அது. 1950களில் கிரகரி பின்கஸும் ஜான் ராக்கும் மாத்திரையை உருவாக்கியபோது, இயற்கைச் சுழற்சி போலத் தோன்றட்டும் என்று அந்த இடைவெளியை வைத்தார்கள். உடலுக்கு அது கட்டாயம் தேவை என்பதால் வைக்கவில்லை. பிரிட்டனின் மகப்பேறு சார்ந்த மருத்துவ அமைப்பொன்று 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலும், அந்த ஏழு நாள் இடைவெளியால் உடல்நலனுக்கு நன்மை எதுவும் இல்லை என்றே சொல்கிறது.

அம்மா தெளிந்துவிட்டார். ஆனால் உண்மையில் பயப்பட வேண்டியவை வேறு இருக்கின்றன, அவற்றைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசுவதில்லை. இந்த மாத்திரையில் இருக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன், ரத்தக் குழாய்க்குள் ரத்தம் உறைந்து கட்டி உருவாகும் வாய்ப்பைக் கூட்டுகிறது. மாத்திரை சாப்பிடாத பெண்கள் பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு 2 பேருக்கு வருகிறது என்றால், சாப்பிடுகிறவர்களில், மாத்திரை வகையைப் பொறுத்து, 5 முதல் 12 பேருக்கு வருகிறது. சிறிய எண்தான். ஆனால் உயர் ரத்த அழுத்தம் இருப்பவர், முன்பு ரத்தக் கட்டி வந்தவர், மார்பகப் புற்றுநோய் கண்டவர், பிரசவமாகிச் சில வாரங்களே ஆன தாய், 35 வயதைத் தாண்டியும் புகைப்பவர் ஆகியோர் இதைத் தொடவே கூடாது. கண்முன் மின்னல் கோடுகள் நெளிந்து பிறகு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கூடாது. அவர்களுக்குப் பக்கவாத ஆபத்து அதிகம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவர்களுக்கோ மாத்திரையின் வலுவே குறைந்துவிடும். கால் ஆடுசதை வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இதுவரை அறியாத கடுமையான தலைவலி வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

முதல் சில மாதங்கள் நடுநடுவே திட்டுத்திட்டாக உதிரம் படும். எனக்கும் பட்டது. பயந்து பாதியில் நிறுத்திவிடாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். எல்லா மாத்திரையிலும் மருந்து ஒரே அளவில் இருக்கும் அட்டைதான் இந்த முறைக்குப் பொருந்தும். அரசு தரும் மாலா-என் அட்டையில் கடைசி ஏழு வெறும் இரும்புச்சத்து மாத்திரைகள், அவற்றை மருந்தாக எண்ணிவிடக் கூடாது. இடைவெளி முடிந்து அடுத்த அட்டையைத் தொடங்கத் தாமதிப்பதுதான் மறதிகளில் மிகவும் ஆபத்தானது. அந்த ஏழு நாளில், மருந்து அடக்கி வைத்திருந்த சினைப்பை கருமுட்டையை வெளியிட விழிக்கத் தொடங்கியிருக்கும்.

இவ்வளவையும் எனக்குச் சொன்ன மருத்துவர், பிரஷர் பார்த்து, தலைவலி பற்றிக் கேட்டு, வீட்டில் யாருக்காவது ரத்தக் கட்டி வந்ததுண்டா என்று விசாரித்த பிறகுதான் மருந்துச் சீட்டையே எடுத்தார்.

சென்ற வாரம் சித்தி மகள் வந்திருந்தாள். அடுத்த மாதம் அவளுக்குத் திருமணம், முகூர்த்த நாளில் விலக்காகிவிடும் என்ற கவலை. மருந்துக்கடையில் நாள் தள்ளிப்போடும் மாத்திரை கேட்டிருக்கிறாள். நோரெதிஸ்டிரோன் அட்டையை நீட்டியிருக்கிறார்கள், வேளைக்கு ஒன்றாக ஒரு நாளைக்கு மூன்று என்று. ஒரே ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை! எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மாத்திரையின் ஒரு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. மேலே சொன்ன எச்சரிக்கைகளை இதற்கும் மனதில் வைக்க வேண்டும். அதைவிட, "இதைச் சாப்பிட்டால் குழந்தையும் தங்காது இல்லையா அக்கா?" என்று அவள் கேட்டதுதான் என்னைக் கலங்க வைத்தது. நாளைத் தள்ளிப்போடச் சில நாள் சாப்பிடும் அந்த மாத்திரையைக் கருத்தடையாக நம்பக் கூடாது. அதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

பிளஸ் டூ படிக்கும்போதிருந்தே அவளுக்கு மின்னல் நெளியும் ஒற்றைத் தலைவலி உண்டு. எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நாளைக் காலை பத்து மணிக்கு என் மருத்துவரிடம் அழைத்துப் போகிறேன். பிரிக்காத அந்த அட்டை இப்போது என் கைப்பையில்தான் இருக்கிறது.