காட்ஜில்லாவைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

ஹைட்ரஜன் குண்டுச் சோதனை கிளப்பிவிட்ட கடல் பூதம் டோக்கியோவை நாசமாக்கும் ஜப்பானியப் படம், 1954-இல் வந்த முதல் காட்ஜில்லா. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "ஒரு ஆள் ரப்பர் உடையை மாட்டிக்கிட்டு அட்டை வீட்டை மிதிக்கிறான், இதுக்கு எதுக்கு இவ்வளவு பில்டப்?" என்று யாராவது கிளம்பிவிடுகிறார்கள். ஆள்தான். ஹருவோ நகாஜிமா என்று பெயர். அந்தக் கனத்த உடைக்குள் வியர்த்துக் கொட்டி நடித்தார். இருக்கட்டுமே!

அந்தக் காலத்தில் ஹாலிவுட்டிலும் அணுகுண்டுப் பூதங்கள் வரிசைகட்டி வந்தன. 'தெம்!' (1954) படத்தில் நியூ மெக்ஸிகோ பாலைவனத்து எறும்புகள் 1945 அணுகுண்டுச் சோதனையால் ராட்சத உருவம் எடுக்கும். நல்ல படம், மறுக்கவில்லை. அந்தக் கீச்சொலி இன்றைக்கும் வயிற்றைக் கலக்கும். ஆனால் கடைசியில் ராணுவம் லாஸ் ஏஞ்சல்ஸின் வடிகால் சுரங்கத்துக்குள் இறங்கி எல்லாவற்றையும் கொளுத்திவிடும். விஞ்ஞானி ஒரு எச்சரிக்கை சொல்வார், நாம் நிம்மதியாக எழுந்து வந்துவிடலாம். 'தி பீஸ்ட் ஃப்ரம் 20,000 ஃபாதம்ஸ்' (1953) இன்னும் வேடிக்கை. அணுகுண்டு எழுப்பிவிட்ட மிருகத்தைக் கதிரியக்க ஐசோடோப்பாலேயே சுட்டுக் கொல்கிறார்கள்.

ஜப்பானியர்களால் அப்படி எடுத்திருக்க முடியாது. 1954 மார்ச் 1 அன்று பசிபிக் கடலின் பிகினி தீவில் அமெரிக்கா வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், ஒரு ஜப்பானிய சூரை மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர் மீதும் கொட்டியது. படகின் ரேடியோ கருவியை இயக்கியவர் செப்டம்பரில் செத்துப்போனார். நவம்பர் 3-ஆம் தேதி காட்ஜில்லா வெளியானது. தொடக்கத்திலேயே கடலுக்குள் ஒரு வெளிச்சம், ஒரு கப்பல் பற்றி எரிகிறது. அன்றைய டோக்கியோ ரசிகனுக்கு யாராவது விளக்கம் சொல்ல வேண்டுமா?

இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர்முனையிலிருந்து திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைப் பார்த்தவர். அதனால்தான் பூதம் வரும் காட்சிகளைவிட அது போன பிறகு வரும் காட்சிகள் கனக்கின்றன. மருத்துவமனைத் தரையில் நெருக்கியடித்துக் கிடக்கும் உடல்கள், ஒரு குழந்தையின் மேல் கதிரியக்கம் அளக்கும் கருவி. தீக்கு நடுவே பிள்ளைகளை அணைத்துக்கொண்டு, அப்பாகிட்ட சீக்கிரம் போயிடலாம் என்று சொல்லும் தாய். அந்த இடத்தில் யார் சிரித்தாலும் எனக்குக் கோபம் வரும்.

1956-இல் அமெரிக்காவில் இதை வெட்டி ஒட்டி, ரேமண்ட் பர் என்ற நடிகரை நிருபராக நுழைத்து, 96 நிமிடப் படத்தை 80 நிமிடமாக்கினார்கள். ரயிலில் ஒரு பெண் நாகசாகியில் தப்பித்ததைச் சொல்லும் பேச்சு காணாமல் போனது. சோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு காட்ஜில்லா வரலாம் என்ற முடிவு வசனமும் போய், உலகம் மீண்டும் வாழலாம் என்று ஆறுதல் வந்து உட்கார்ந்தது. கத்தரி எங்கே பாய்ந்திருக்கிறது பாருங்கள்!

பார்ப்பதானால் ஜப்பானிய மூலத்தையே பாருங்கள், சப்டைட்டிலோடு.