லண்டன்–நியூயார்க் பயண நேரம்: பூமி சுழல்வதா காரணம்?

நியூயார்க்கிலிருந்து லண்டன் போகும் விமானம் சீக்கிரம் போய்ச் சேர்வதற்குப் பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே தள்ளுவதுதான் காரணம் என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பூமியோடு சேர்ந்து காற்று மண்டலமும் சுழல்கிறது, ஓடுபாதையில் நிற்கும்போதே விமானத்துக்கும் அந்த வேகம் இருக்கிறது, அதனால் எந்தத் திசையில் பறந்தாலும் தனிச் சலுகை கிடையாது.

தூரம் இரு பக்கமும் சுமார் 5,550 கிலோமீட்டர்தான். ஆனாலும் லண்டன் போக ஏறக்குறைய 7 மணி நேரம், திரும்ப 8 மணி நேரம் ஆகிறது. காரணம், விமானங்கள் பறக்கும் 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று. மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானத்தைப் பின்னாலிருந்து 200 கிலோமீட்டர் காற்று தள்ளினால் தரையைப் பொறுத்து அது 1,100 ஆகிவிடும், எதிர்த்துப் போனால் 700தான். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டன் வந்தது இப்படித்தான்.

சரி, சுழற்சிக்குப் பங்கே இல்லையா? உண்டு, அந்தக் காற்றைக் கிழக்கே திருப்பிவிடுவது அதுதான். விமானத்தைத் தள்ளுவது காற்று.