சம்பா பருவத்தில் டெல்டாவில் கம்பு விதைக்கலாமா? பரவும் தகவலும் உண்மையும்

"காவிரி டெல்டா விவசாயிகள் பழக்கத்தினால் மட்டுமே நெல் பயிரிடுகிறார்கள், சம்பாவுக்குப் பதில் கம்பும் கேழ்வரகும் விதைத்தால் தண்ணீர்ப் பிரச்சினையே தீர்ந்துவிடும்" என்ற செய்தி வாட்ஸ்அப்பில் பரவி வருகிறது. இது தவறானது.

ஒரு பகுதியின் பயிர்முறையை மண், மழை, வடிகால், ஆள்கூலி, சந்தை ஆகிய அனைத்தும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் பெரும்பகுதி களிமண் கலந்த தாழ்வான நிலம். சம்பா நெல் வயலில் நிற்கும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது வயலில் நீர் நாள்கணக்கில் தேங்கும். நெல்லின் தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வேருக்கு ஆக்சிஜனைக் கொண்டுசெல்வதால் அது தாக்குப்பிடிக்கிறது. கம்புக்கு அந்தத் தாங்குதிறன் இல்லை. நீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். கிருஷ்ணகிரி, தருமபுரியின் மானாவாரி (மழையை மட்டுமே நம்பிய) நிலங்களில் கேழ்வரகு செழிப்பதற்கு அங்குள்ள வடிகால் வசதியும் ஒரு காரணம்.

டெல்டாவில் நெல்லைத் தவிர வேறெதுவும் விளையாது என்பதும் சரியன்று. சம்பா அறுவடைக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தெளித்து, மண்ணின் எஞ்சிய ஈரத்திலும் பனியிலும் விளைவிக்கும் நெல் தரிசுப் பயறு சாகுபடி அங்கே நெடுங்காலமாக நடந்து வருகிறது. கோடையில் பருத்தியும் எள்ளும் உண்டு.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளத்திலும், உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலும் இவற்றைச் சரிபார்க்கலாம். அச்செய்தியை நம்பி விதைப்பவர் ஒரு பருவத்தின் முதலீட்டையே இழக்கக்கூடும் என்பதால், அதை மேற்கொண்டு பகிர வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.