லைசென்ஸ் கேட்காத சின்ன வண்டி

பிரெஞ்சு நிறுவனமான சித்ரோயென் செய்யும் சின்ன மின்சார வண்டி அமி. அதைப் பார்த்து "இது காரா, பொம்மையா?" என்று சிரிப்பவர்கள்மீது எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

சட்டப்படி அது கார் இல்லைதான். இலகு நான்குசக்கர வண்டி என்று தனி வகை. நீளம் 2.41 மீட்டர், இரண்டே இருக்கை, வேகம் 45 கிலோமீட்டரைத் தாண்டாது, நெடுஞ்சாலையில் ஏற முடியாது. பிரான்சில் 14 வயதானவர்கள் சில மணி நேரப் பயிற்சி முடித்து ஏஎம் என்ற சின்ன வண்டிகளுக்கான ஓட்டுநர் சான்று வாங்கி ஓட்டலாம். 1988-க்கு முன் பிறந்தவர்களுக்கு அதுகூட வேண்டாம்.

பாரிசுக்கு வெளியே நான் இருக்கும் ஊரில், பக்கத்து வீட்டுப் பாட்டி லைசென்ஸ் எடுத்ததே இல்லை. கணவர்தான் ஓட்டுவார். அவர் போன பிறகு மருந்துக் கடைக்குப் போகவும் யார் கையையாவது எதிர்பார்க்க வேண்டியிருந்தது. இப்போது அமியில் சனிக்கிழமைச் சந்தைக்குத் தானே போய் வருகிறார். போன மாதம் மழையில் பஸ்ஸுக்கு நின்ற என்னையும் ஏற்றிக்கொண்டார். ஏசி கிடையாது, ஜன்னலைப் பாதி மடித்துத் தூக்கினால்தான் காற்று. இரண்டு கதவும் ஒரே அச்சில் வார்த்தவை. அதனால் ஓட்டுபவர் பக்கக் கதவு பின்னோக்கித் திறக்கும். முன், பின் பம்பரும் ஒன்றேதான். இப்படிச் சிக்கனம் பிடித்ததால்தான் 2020-இல் 6,000 யூரோவுக்குத் தர முடிந்தது. வீட்டு பிளக்கில் மூன்று மணி நேரம் போட்டால் எழுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும்.

முன்பெல்லாம் இந்த வகை வண்டி என்றாலே, குடித்து ஓட்டி லைசென்ஸைப் பறிகொடுத்தவர்களின் வண்டி என்ற கெட்ட பெயர். அமி வந்த பிறகு பள்ளி வாசல்களில் பிள்ளைகள் பெருமையாக நிறுத்துகிறார்கள்.

சரி, பாதுகாப்பு? அங்கே நான் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் 2014-லும் 2016-லும் இதுபோன்ற சின்ன நான்குசக்கர வண்டிகள் சிலவற்றை மோதிப் பார்த்தது; முடிவுகள் மோசம். நம் பஜாஜ் க்யூட்டுக்கும் ஒரே நட்சத்திரம்தான். அமியில் ஏர்பேக் இல்லை. கார்கள் 80-இல் பறக்கும் கிராமத்துச் சாலையில் இதை ஓட்டுவது ஆபத்து. ஆனால் பாரிசில் 2021 முதல் பெரும்பாலான தெருக்களில் வேக வரம்பே 30. அங்கே ஒருவர் ரொட்டி வாங்கிவர ஒன்றரை டன் கார் எதற்கு?

அப்புறம், 14 வயதுப் பிள்ளைக்கு இதை விட்டால் கிடைப்பது 50 சிசி ஸ்கூட்டர். அதில் கூரை கிடையாது, சீட் பெல்ட் கிடையாது. அமியைக் காரோடு வைத்துப் பார்க்காதீர்கள், அந்த ஸ்கூட்டரோடு வைத்துப் பாருங்கள். என் மகளுக்கு அடுத்த வருடம் 14. ஸ்கூட்டர்தான் வேண்டும் என்கிறாள். நான் அமி என்கிறேன், அதுவும் ஊர் எல்லைக்குள் மட்டும். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது.