விலகியவர்களும் விலகாதவர்களும்

பிரிட்டன் அமைச்சரவையின் கூட்டுப் பொறுப்பு என்றாலே அது அமைச்சர்களின் வாயைக் கட்டும் ஏற்பாடு என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கூட்டத்துக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் முட்டி மோதலாம். முடிவாகிவிட்டால் வெளியே எல்லோரும் அதன் பக்கம் நிற்க வேண்டும். மனசு ஒப்பவில்லையா, பதவியை விட்டுவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். இதில் என்ன அநியாயம்?

இராக் போர் நேரத்தைப் பாருங்கள். அவை முன்னவராக இருந்த ராபின் குக், உலக நாடுகளின் உடன்பாடும் உள்நாட்டு ஆதரவும் இல்லாத போருக்குத் தன்னால் கூட்டுப் பொறுப்பு ஏற்க முடியாது என்று அறிவித்து 2003 மார்ச் 17 அன்று விலகினார். அன்றிரவே, அமைச்சர் பதவி இல்லாத உறுப்பினர்கள் அமரும் பின்வரிசையிலிருந்து பேசினார். பிரதமர் டோனி பிளேரை ஒரு வார்த்தை திட்டவில்லை, பாராட்டவே செய்தார். போரை மட்டும் மறுத்தார். கைதட்டும் வழக்கமே இல்லாத அந்த அவையில் உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதே அமைச்சரவையில் இருந்த கிளேர் ஷார்ட் கதை வேறு. அதே மாதம் 9ஆம் தேதி, பதவியில் இருந்துகொண்டே, பிளேரின் போக்கு பொறுப்பற்றது என்று பிபிசி வானொலியில் பொரிந்து தள்ளினார், விலகிவிடுவேன் என்றும் சொன்னார். அப்புறம்? விலகவில்லை. 18ஆம் தேதி போருக்கு ஆதரவாகவே வாக்களித்தார். பாக்தாத் விழுந்து ஒரு மாதம் கழித்து, மே 12 அன்றுதான் வெளியேறினார். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. ஆனால் அவரைவிட எனக்குப் பிளேர் மீதுதான் வருத்தம். வானொலிப் பேட்டிக்கு மறுநாளே அவரை அனுப்பியிருக்க வேண்டும். கட்சிக்குள் வாக்குகளை எண்ணிக்கொண்டிருந்த பிரதமருக்கு அதற்குத் துணிவு வரவில்லை.

பிரதமரே விதியைத் தளர்த்துவது வேறு விஷயம். ஐரோப்பியச் சமூகத்தில் தொடர்வதா என்ற 1975 வாக்கெடுப்பில் ஹரால்ட் வில்சன் அப்படிச் செய்தார். எதிர்த்த 7 அமைச்சர்களும் பதவியில் இருந்தபடியே எதிர்ப்பிரச்சாரம் செய்தார்கள். முன்கூட்டியே அறிவித்த விலக்கு, நேர்மையான ஏற்பாடு.

பிரதமர் தெரசா மே காலத்தில் நடந்தது அப்படியல்ல. ஒப்பந்தமில்லா பிரெக்சிட், அதாவது எந்த உடன்படிக்கையும் இல்லாமல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவது பற்றி 2019 மார்ச் 13 அன்று வாக்கெடுப்பு. அரசே கொண்டுவந்த தீர்மானம், அவையில் திருத்தப்பட்டதும் அதை எதிர்த்து வாக்களிக்கச் சொல்லி கொறடா உத்தரவு. ஆம்பர் ரட், டேவிட் காக், கிரெக் கிளார்க், டேவிட் முண்டெல் ஆகிய 4 கேபினட் அமைச்சர்கள் வாக்களிக்காமல் இருந்துவிட்டார்கள். யார் பதவியும் போகவில்லை. அதே வாக்கெடுப்பில் உத்தரவை மீறி வாக்களித்த இணையமைச்சர் சாரா நியூட்டன் மட்டும் ராஜினாமா செய்தார்.